அறுபது மீட்டர் எழுத்து

அழைப்பிதழின் மாதிரி நேற்று வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். உன் பெயர், அவள் பெயர், அம்பத்தூரில் அந்த மண்டபம், அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணி. கீழே ஒரு வரி: தலைமை ஏற்றுத் தாலி எடுத்துக் கொடுப்பவர் திரு. தனசேகர் அவர்கள். பூதக்கண்ணாடியை வைத்து மூன்று முறை படித்தேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா கேட்டாள்: "தப்பு எதுனா இருக்குதா?" ஒரே ஒரு இடத்தில் என்றேன்.

கல்யாணத்துக்கு முன் தகப்பன் மகனுக்கு எழுதினால் அதில் வாழ்த்து இருக்க வேண்டும். இருக்கிறது. கடைசியில் தேடிப் பார். மற்றதெல்லாம் பழி. யாரைப் பழி வாங்கப் போகிறேன், எதற்காக, எப்படி என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஏன் கடிதம் என்று கேட்பாய். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில், "தனசேகர் சார் இல்லன்னா நான் இன்னிக்கு எங்க இருந்திருப்பேன்பா?" என்பாய். நான் நிறுத்திவிடுவேன். இத்தனை வருடமும் அந்த இடத்தில்தான் நிறுத்தி வந்திருக்கிறேன். காகிதம் குறுக்கே பேசாது. இதன் ஒரு பிரதி பூந்தமல்லிக்கு, நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணுக்கும் போகிறது. அவளும் தெரிந்துகொண்டே மேடை ஏறட்டும்.

அமலநாதன் டாக்டரை உனக்கு ஒரு டார்ச் விளக்காகவும் ஒரு மொபெட்டாகவும்தான் நினைவிருக்கும். நான் அவரை முழுதாக நினைவில் வைத்திருக்கிறேன். அதுதான் என் தொல்லை. தெற்கே கடலோரத்துக்காரர். நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் சில வருடம் இருந்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு அம்பத்தூர் வந்து இறங்கியவர். ஏன் இங்கே என்று ஒருமுறை கேட்டேன். தொழிலாளிகளின் கண், சேவை, அப்படி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "வாடகை கம்மி" என்றார். ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவே இரண்டு அறைகள். வெளி அறையில் பெஞ்சு. உள் அறையில் அவர். நடுவே ஒரு பச்சைத் திரை. மாலை ஷிப்ட் விட்டதும் தொழிற்பேட்டை எஸ்டேட் முழுவதும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மொபெட்டில் வானகரம், மாங்காடு என்று போவார். அங்கே அப்போது வயல்கள் இருந்தன. அறுப்புக் காலத்தில் கண்ணில் உமி விழுந்தவர்கள் களத்து மேட்டிலேயே அவருக்காகக் காத்திருப்பார்கள். மெட்ராஸ் ஐ வரும் மாதத்தில் யாரையும் உள்ளே விடமாட்டார். வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வரிசையில் வருபவர்களைத் தொடாமல் பார்த்து, விரலால் வலது பக்கம் இடது பக்கம் என்று பிரிப்பார். வலது பக்கம் போனால் சொட்டு மருந்து. இடது பக்கம் போனால் வீடு.

முதன்முறை வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்வி. "கடைசியா எதைத் தெளிவாப் பாத்த?" அதிலிருந்து எவ்வளவு காலமாகப் பார்வை மங்குகிறது என்று கணக்குப் போடுவார். பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு அம்மாள் யோசித்துவிட்டு, "எங்க மாமியா மூஞ்சிதான் சார்" என்றாள். டாக்டர், "அதுக்கப்புறம் நிம்மதியாத்தானே இருந்திருப்பீங்க, ஏன் வைத்தியத்துக்கு வந்தீங்க?" என்றார். திரைக்கு வெளியே பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நீயும் அங்கே வந்திருக்கிறாய். இரண்டாம் வகுப்பு. போர்டில் எழுதியதைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறாய் என்று டீச்சர் உன்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினாள். நானும் அடித்தேன். டாக்டர் உன்னை நாற்காலியில் உட்காரவைத்து ஐந்து நிமிடத்தில் சொன்னார்: "இவன் திருடலய்யா. இவனுக்குப் பக்கத்துப் பையனோட நோட்டுதான் தெரியுது." கண்ணாடி வந்த அன்று சைக்கிள் பாரில் உட்கார்ந்து, ஓ.டி.யிலிருந்து வீடு வரை எழுதியிருந்த அத்தனையையும் கத்திப் படித்துக்கொண்டே வந்தாய். பஸ் நம்பர், சோடா விலை, வேட்பாளர் பெயர். "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" என்று நீ கத்தியபோது சுவரோரம் நின்றிருந்த ஆள் பாதியில் ஓடினான். உனக்கு அது மறந்திருக்கலாம். அந்தக் கண்ணாடி இல்லையென்றால் நீ இன்று எங்கே இருந்திருப்பாய்? இந்தக் கேள்வியை நீ சரியான ஆளைப் பற்றிக் கேட்கவில்லை.

இனி தனசேகர்.

அப்போது அவன் எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையில் பெர்சனல் மேனேஜர். கிரைண்டிங் பிரிவில் இரும்புத் துகள் பறக்கும். கண்ணாடிக் கவசம் கிடையாது. கண்ணில் துகள் ஏறினால் பக்கத்து மிஷின்காரன் தீக்குச்சியில் இமையைச் சுருட்டி, சட்டை நுனியால் ஒற்றி எடுப்பான். பாதி வரும். பாதி உள்ளே போகும். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் வருவார்கள். அவர் ஊசி முனையால் எடுத்த ஒவ்வொரு துகளையும் ஒரு பாட்டிலில் போட்டு வைத்தார். ஒரு வருடம் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு அதற்கு ஒரு லேபிள் எழுதச் சொன்னார். நான் கிரேன் ஓட்டுபவன் என்றாலும் எழுத்து என் கைக்கு வரும். யூனியனுக்குச் சுவர் எழுதியவன். தொழிற்சாலையின் பெயரையும் "ஒரு வருடச் சரக்கு" என்பதையும் சிவப்பில் எழுதிக் கொடுத்தேன். அவரே நேரில் வந்து அதைத் தனசேகரின் மேசையில் வைத்தார். யூனியன் சார்பில் நானும் கூட நின்றேன்.

"இன்னா டாக்டர் இது, ஊறுகாயா?"

"உங்க சாமான். ஒவ்வொண்ணா உங்க ஆளுங்க கண்ணுலேருந்து எடுத்தேன். திருப்பிக் கொடுக்கணும்லா?"

தனசேகரின் முகம் சிரித்தது. காது சிவந்தது. டாக்டர் அடுத்த வாரம் ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்கும் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரே மாதத்தில் எல்லாருக்கும் கவசம் வந்தது. நாங்கள் கைதட்டினோம். சிவந்த காதை மறந்துவிட்டோம்.

உனக்கு ஒரு புத்திமதி. ஒரு ஆளைக் கூட்டத்துக்கு முன்னால் தோற்கடித்தால், அன்றிரவே மறந்துவிட்டுத் தூங்கிவிடாதே. அவன் தூங்கமாட்டான்.

அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் பரிசோதனைக்கு வாங்கிய அட்டையில் ஆங்கில எழுத்து. பாதிப் பேருக்கு அது தெரியாது. டாக்டர் தமிழ் எழுத்தில் அட்டை வேண்டும் என்றார். அளவு அவர் கொடுத்தார், கையெழுத்து என்னுடையது. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து. நல்ல கண்ணுக்கு அது அறுபது மீட்டர் தூரத்திலிருந்து தெரியும். அதற்குக் கீழே வரிக்கு வரி சிறிதாகும். கடைசி வரி ஆறு மீட்டர். ஒரு அட்டை போதாது. திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ளே படிப்பவனின் குரல் கேட்கும். இரண்டு மாலை உட்கார்ந்தால் வரிசை மனப்பாடம் ஆகிவிடும். கண் சரியில்லை என்று தெரிந்தால் மிஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதனால் எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள். டாக்டருக்கும் அது தெரியும். "இன்னைக்குக் கோவிந்தன் செய்யுள் ஒப்பிச்சான்" என்பார். எனவே ஏழு அட்டைகள். மாற்றி மாற்றிப் போடுவார். ஏழையும் எழுதியவன் நான்.

என் வலது கண்ணில், நடுவில், ஒரு சாம்பல் பொட்டு வந்தது. முதலில் தூசி என்று நினைத்தேன். துடைத்தால் போகவில்லை. இடது கண்ணை மூடினால் எதிரே நிற்பவனுக்குக் காது இருந்தது, முகம் இல்லை. கிரேனின் கேபின் தரையிலிருந்து நாற்பது அடி உயரத்தில் இருந்தது. அங்கே எனக்கு மேல் யாரும் கிடையாது. நான் அதை விட மனமில்லாமல் இருந்தேன். குடும்பத்துக்காக என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. எனக்கு உயரம் பிடித்திருந்தது.

கிரேன்காரர்களுக்கு வருடா வருடம் கண் சான்றிதழ் வேண்டும். நான் போனேன். பெஞ்சில் நாற்பது பேர். டாக்டர் இடது கண்ணைச் சோதித்தார். படித்தேன். பிறகு இடது கண்ணை மூடச் சொன்னார். பொட்டுக்கு வெளியே, ஓரப்பார்வையில், மேல் எழுத்தின் உருவம் மட்டும் பிடிபட்டது. "ம". போதும். "ம" இருந்தால் அது நான்காவது அட்டை. மீதியை நான் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கடைசி வரி வரை சொன்னேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, சான்றிதழை எழுதிக்கொண்டிருந்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். மற்ற எல்லாருக்கும் விளக்கடிப்பார். எனக்கு அடிக்கவில்லை. "உமக்கென்ன வே, கழுகுக் கண்ணு" என்றார்.

அடுத்த வருடமும் அப்படியே. "ப". இரண்டாவது அட்டை.

உன்னை நம்புகிறவர்கள் உன்னைச் சோதிக்காமல் விடும் இடம் ஒன்று இருக்கும். ஒருவன் யார் என்பது அங்கே தெரியும். நான் யார் என்பது தெரிந்துவிட்டது.

ஒற்றைக் கண்ணால் பார்க்க முடியும். தூரம் தெரியாது. ஏழுமலை கீழே நின்று கொக்கி மாட்டுபவன். கையைக் காட்டி எனக்குச் சைகை சொல்பவன். அன்று வார்ப்படப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அவனுக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டடி இருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. பெட்டி அவனைத் தூணோடு சேர்த்து நெருக்கியது. அவன் கத்தியதை நான் முதலில் கேட்கவில்லை. வாய் திறந்திருப்பதைத்தான் பார்த்தேன். இடுப்பெலும்பு உடைந்து, ஒரு கால் போய், அவன் பிழைத்தான்.

மூன்றாம் நாள் தனசேகர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான். "உண்மைய சொல்லு. எனக்கு மட்டும்." சொன்னேன். பொட்டு, அட்டை, மேல் எழுத்து, எல்லாம். ஒரு மனிதன் கேட்டானே என்று அழுதேன். அவன் தண்ணீர் கொடுத்தான். பிறகு பேனா கொடுத்தான்.

"நீ ஏமாத்துனன்னு எழுதுனா வேலை போச்சு, கேஸும் வரும். டாக்டர் பாக்காமயே கையெழுத்துப் போட்டாருன்னு எழுதுனா நீயும் பாதிக்கப்பட்டவன். ஸ்டோர்ஸ்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு. பையன் என்ன படிக்கிறான்?"

"ஒம்போதாவது சார்."

"படிக்கட்டும்." பேனாவின் மூடியைத் தானே கழற்றினான். "அந்த ஊறுகா பாட்டில் ஞாபகம் இருக்கா உனக்கு? எனக்கு இருக்குப்பா."

எழுதினேன். டாக்டர் என்னைச் சோதிக்காமலே சான்றிதழ் கொடுத்தார். ஒரே வாக்கியம். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் பாதி நீளம்தான் இருந்திருக்கும். எஸ்டேட்டின் எல்லா வாசல்களிலும் ஒரு பலகை வைக்க வேண்டும் என்றான் தனசேகர். கண் பரிசோதனை செய்யாமல் சான்றிதழ் வழங்கியதால் டாக்டர் அமலநாதனின் சான்றிதழ் இனி ஏற்கப்படாது. பெயின்டும் பிரஷும் ஸ்டோர்ஸில் இருந்தன. ஸ்டோர்ஸில் நான் இருந்தேன். "நீதான நல்லா எழுதுவ" என்றான். பதினாறு பலகைகள்.

என் எழுத்தை அவருக்குத் தெரியாதா? "ம"வுக்கு நான் போடும் வளைவை அவர் ஏழு அட்டைகளில் பார்த்திருக்கிறார். பலகை வைத்து ஒரு வாரம் கழித்து நானாகவே போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மாலை ஆறு மணி. பெஞ்சில் இரண்டே பேர். உள்ளே போனதும் அவர் எதுவும் கேட்காமல் நாற்காலியைக் காட்டினார். விளக்கை எடுத்தார். அந்த வெளிச்சம் கண்ணுக்குள் வந்து நின்றது. நெடுநேரம் நின்றது.

"எப்பம் இருந்து இது?"

"ரெண்டு வருசமா சார்."

விளக்கை அணைத்தார். சொட்டு மருந்து எழுதினார். "இடது கண்ணையாவது காப்பாத்திக்கிடும்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. திட்டட்டும், அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் அட்டை வைக்கும் பெட்டியின் விளக்கையும் அணைத்துவிட்டு, "பலகை எழுத்து நல்லா இருக்கு. தூரத்துலேருந்தே தெரியுது" என்றார். பிறகு, வேறு எதையோ நினைத்துக்கொண்டவர் மாதிரி: "அட்டை புதுசா எழுதணும். வேற யாரையாவது பாத்துக்கிடுதேன்."

பிறகு விபத்து பற்றிய விசாரணைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அந்த ஆளைச் சோதித்தீர்களா என்று கேட்டார்கள். சோதித்தேன், ஆனால் விளக்கடித்துப் பார்க்கவில்லை, அது என் தவறு என்றார். அட்டையை எழுதியவனே மனப்பாடமாகச் சொல்லி ஏமாற்றினான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எஸ்டேட் வேலை போனது. பஸ் ஸ்டாண்டில் பையன்கள் அவர் மொபெட்டைப் பார்த்து, "டாக்டரே, பாக்காம ஒரு கையெழுத்து!" என்று கத்தினார்கள். வயல்காட்டு ஜனங்கள் மட்டும் விடவில்லை. வெயிலில் வானகரத்துக்கும் மாங்காட்டுக்கும் வாரம் முழுக்க அலைந்தார். மூன்றாவது வருடம் கோடையில் மாங்காட்டிலிருந்து திரும்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டாண்டு போட்டுத்தான் நிறுத்தியிருந்தார். வண்டி விழவில்லை.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. கறுப்புக் கண்ணாடிக்காரர்கள், ஒரு கண்ணில் பஞ்சு வைத்தவர்கள், கையைப் பிடித்து அழைத்து வரப்பட்டவர்கள். ஆளுயர ரோஜா மாலையோடு தனசேகரும் வந்தான். அதற்குள் வேலையை விட்டுத் தனியாக யூனிட் ஆரம்பித்திருந்தான். கல்லறையில் நாலு வார்த்தை பேசினான். நம் எல்லார் கண்ணையும் திறந்தவர் என்றான். நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். பேசி முடித்துவிட்டு என்னைத் தாண்டிப் போகும்போது என் தோளைத் தட்டி, "நல்ல மனுசன் இல்ல?" என்றான்.

அந்தத் தட்டுதான். உன்னைத் தன் யூனிட்டில் அப்ரண்டிஸாகச் சேர்த்ததும், சூப்பர்வைசர் ஆக்கியதும், "இவங்க அப்பா நம்ம ஆளு" என்று நாலு பேர் முன்னால் சொன்னதும் எல்லாம் அந்தத் தட்டின் தொடர்ச்சி. உன்னை அவன் வளர்க்கவில்லை. என் வாயை உன்னால் அடைத்து வைத்திருக்கிறான். இப்போது தாலியை எடுத்துக் கொடுத்தால் ஆயுளுக்கும் அடைத்துவிடும் என்று நினைக்கிறான்.

டாக்டர் இறந்து ஒரு வருடம் கழித்து அவர் மனைவி என்னை வரச்சொன்னார். கிளினிக்கைக் காலி செய்துகொண்டிருந்தார். "நீங்க எழுதினது, நீங்களே வச்சுக்கோங்க" என்று ஏழு அட்டைகளையும் கொடுத்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் டாக்டரின் கோணல் எழுத்தில் பெயர்கள். கோவிந்தன், லேத். சாந்தா, பேக்கிங். வாட்ச்மேன் தாஸ். அந்த அட்டையை மனப்பாடம் செய்தவர்களின் பட்டியல். இவர்களுக்கு இந்த அட்டையைப் போடக்கூடாது என்று தனக்குத்தானே குறித்து வைத்திருக்கிறார். சிலர் மூன்று அட்டைகளில் இருந்தார்கள். ஒருவன் ஐந்தில்.

ஏழையும் எழுதியவன் பெயர் ஒன்றில்கூட இல்லை.

உண்மை தெரிந்த பிறகும் அவர் எழுதவில்லை. ஒரு பெயரைக் குறித்து, அட்டையை விசாரணையில் காட்டியிருந்தால் பிழைத்திருப்பார். உன் அம்மா அதை மன்னிப்பு என்கிறாள். எனக்கு அது மன்னிப்பாகப் படவில்லை. மன்னிப்பாகவே இருந்தாலும் எனக்கு வேண்டாம். அதை வாங்கிக்கொண்டால் தனசேகருக்கும் அதில் பங்கு போய்விடும். பேனாவை எடுத்து ஏழு அட்டைகளின் பின்னாலும் என் பெயரை எழுதினேன். நாள் பார்க்கத் தொடங்கினேன். நீயே நாள் குறித்துக் கொடுத்துவிட்டாய்.

இதைத் தொடங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. நேற்று மதியம் ஏழுமலையின் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலிலேயே பெட்டிக்கடை வைத்திருக்கிறான். ஊன்றுகட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். மாதா மாதம் அவனைப் பார்க்கப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். பீடிக்கட்டு வாங்கிக் கொடுப்பேன். நேற்று பீடி கொண்டுபோகவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, அட்டை, பேனா, பலகை. அவன் ஒரு குழந்தைக்கு மிட்டாய் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்ப டாக்டரு மேல தப்பு இல்ல."

"இல்ல."

"நானு அவரக் கண்டமேனிக்குத் திட்டிகினு இருந்தேன்பா. அவரு செத்தப்ப சாவுக்குக்கூடப் போவல." கண்ணாடியைக் கழற்றினான். உடைந்த காம்பை நூலால் கட்டியிருந்தான். "இது அவரு எய்திக் குடுத்த கண்ணாடி. வேற டாக்டராண்ட போவ துட்டு இல்லாம இதையே போட்டுகினுகீறேன். ஒரு கையால இதப் போட்டுக்கினு ஒரு வாயால அவரத் திட்டிகினு." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "மாசாமாசம் பீடி வாங்கியாந்தியே அண்ணாத்தே, இதுக்குத்தானா? நான்கூட இன்னாடா பாசமா கீறான்னு நெனச்சேன்."

இதற்குத்தான் என்றேன்.

"இப்ப இன்னா பண்ணப் போற?"

சொன்னேன்.

"எய்து" என்றான். "உன் பேரு முதல்ல. அப்பால அவன் பேரு. பெருசா எய்து. கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியணும். எய்திட்டு இனிமே என் கடைக்கு வராத."

அது நியாயம்.

மண்டபத்துக்கு நேர் எதிரே மர டிப்போ மூடிக் கிடக்கிறது. நீளமான காம்பவுண்டுச் சுவர். மேடையில் உட்கார்ந்தால் வாசல் வழியாக அந்தச் சுவர் தெரியும். நம் பக்கத்துச் சுவர் வழக்கம் உனக்குத் தெரியும். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்சிக்காரர்கள் வெள்ளையடித்து, ஓரத்தில் பெயரைப் போட்டுச் சுவரைப் பிடித்து வைப்பார்கள். அப்படிப் பிடித்த சுவரில் வேறு எவனும் பிரஷ் வைக்கமாட்டான். இன்று காலை நான் அதைப் பிடித்துவிட்டேன். இரண்டு பூச்சு வெள்ளை. ஓரத்தில் சிறிதாக: இந்தச் சுவர் டாக்டர் அமலநாதனுக்கு. டிப்போ வாட்ச்மேன் வந்து நின்றான். "எந்தக் கட்சி பெரியவரே?" கண் டாக்டர் கட்சி என்றேன். "அவருதான் பூட்டாரே." அதனால்தான் நான் நிற்கிறேன் என்றேன். ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவன் அம்மாவுக்கு அவர்தான் கண்ணில் ஆபரேஷன் செய்தாராம்.

இனி நீ. அழைப்பிதழ் இந்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்த வரியை அடித்தால் உன் வேலை போகும். அடிக்காவிட்டால் தாலியை அவன் எடுத்துக் கொடுப்பான், என்னைத் தோளில் தட்டியதும் அதே கைதான். சம்பந்தி வீட்டார் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்கள் என்றும் எனக்குத் தெரியாது. உன் கல்யாணத்தைக் கெடுக்கிறேன் என்பாய். இருக்கலாம். ஒன்பதாவது படித்த உன்னைக் காட்டித்தான் அவன் என்னை வாங்கினான். அந்த வியாபாரத்தில் உனக்குத் தெரியாமலே உனக்கும் பங்கு இருந்தது. அதிலிருந்து வெளியே வர உனக்கு ஒரு வெள்ளிக்கிழமை தருகிறேன். எனக்கு யாரும் அப்படி ஒரு நாள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் நான் பயன்படுத்தியிருப்பேனா என்பது சந்தேகம். நீ அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கல்யாணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் சுவரை எழுதுவேன். அதில் மாற்றம் இல்லை.

அட்டை மாதிரியே எழுதப் போகிறேன். எழுத்து அளவுகள் எனக்கு மனப்பாடம். இடது கண்ணும் இப்போது சரியில்லை, ஆனால் பென்சில் கோட்டை விரலால் தடவி எழுதிவிடலாம். மேல் வரி, சாலைக்கு அந்தப் பக்கம், மேடையிலிருந்தே தெரியும்: பொய் சொன்னவன் நான். கீழே என் முழுப் பெயர், அப்பா பெயரோடு. அதற்குக் கீழே, கொஞ்சம் சிறிதாக: எழுதச் சொன்னவன் தனசேகர். அவன் காரை விட்டு இறங்கும்போது படிக்க முடியும். அதற்கும் கீழே: டாக்டர் அமலநாதன் என்னைச் சோதித்தார். இது மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவர்களுக்குத் தெரியும்.

கடைசி வரி ஆறு மீட்டர் எழுத்து. வாழ்த்து அங்கே இருக்கிறது. உன் பெயரும் அவள் பெயரும். மேடையிலிருந்து தெரியாது, வாசலிலிருந்தும் தெரியாது. அதைப் படிக்க நீ இறங்கி, சாலையைக் கடந்து வரவேண்டும். நான் சுவரோரம்தான் நின்றிருப்பேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வா.